பதினாலாம் இடத்துக்கான காபி

விவாகரத்தில் அம்மாவுக்கு வீடு கிடைத்தது. அப்பாவுக்குக் காரும், அதன் பின்னால் இழுத்துப்போகும் கேரவனும் கிடைத்தன. பதினாலாம் இடத்தைப் பற்றி நீதிபதி கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவர் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர். சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

எங்கள் தீவில் கோடை வந்தால் சொந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. ஜூன் பிறந்ததும் வீட்டை ஜெர்மானியர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பாத்திரம் பண்டங்களோடு கடற்கரையில் நகராட்சி நடத்தும் முகாமுக்குப் போய்விடுவோம். ஊரின் பாதிக் கல்யாணங்களும் முக்கால்வாசிச் சண்டைகளும் அங்கேதான் தொடங்கும். பதினாலாம் இடம் முதல் வரிசையில், ஒரு பைன் மரத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. அதன் முன்னால் மேசை போன்ற தட்டைப் பாறை ஒன்று சரிந்து நீருக்குள் இறங்கும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா கோடைக்காலக் காலைகளில் அந்தப் பாறையிலிருந்துதான் கடலுக்குள் இறங்குவாள். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். நான் தூங்குவதுபோல் நடித்தபடி, கேரவன் ஜன்னல் திரையை விலக்கி, அவளுடைய மஞ்சள் நீச்சல் தொப்பி சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மனைவி இல்லை என்று தோன்றும். திரும்பி வரும்போது நிறையப் பசியோடு வருவாள்.

மார்ச் மாதத்தில் அப்பா அம்மாவுக்கு ஃபோன் செய்தார்.

"பதினாலு கேரவன் நிக்கிற இடம். கேரவன் எங்கிட்ட இருக்கு. அப்ப இடம் யாரோடது, நீயே சொல்லு மரியேட்டா."

"வீட்ட எனக்குக் குடுத்தாங்க, சரி. கடல உனக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.

அன்று மாலையே வீட்டை செப்டம்பர் வரைக்கும் ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குப் பேசி முடித்தாள். இனிப் பின்வாங்க வழியில்லை. பதினாலு கிடைக்காவிட்டால் மிச்சமிருந்தது கடைசி வரிசையில் கழிப்பறைச் சுவரை ஒட்டிய இடம்தான். அங்கிருந்து கடல் தெரியாது. கேட்கும், அதுவும் உள்ளே யாரும் தண்ணீர் இழுத்துவிடாதபோது.

முகாமில் இடம் பிடிக்கும் முறை எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. திறக்கிற நாள் காலையில், பிடிக்க நினைக்கும் இடத்திலேயே காபி கொதிக்க வைத்து, இடப்பக்கத்து ஆளுக்கும் வலப்பக்கத்து ஆளுக்கும் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் அடிவரைக்கும் குடித்துவிட்டால் அந்தக் கோடை முழுக்க இடம் அவர்களுடையது. கொடுத்த காபியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஆனால் முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிறகு முகாம் பொறுப்பாளர் ஸ்மில்யா வரிசையாக நடந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "யாரோட காபி குடிச்சீங்க?" பதில் சொன்னால் போதும், முடிந்தது. பெரும்பாலும் இது வெறும் சடங்கு. ஒரே இடத்துக்கு இரண்டு காபிப் பாத்திரங்கள் வந்ததை நான் பார்த்ததே இல்லை.

பதினாலுக்கு இடப்பக்கம் பார்பா பார்த்துல். எங்கள் கரையில் வயதான ஆண்கள் எல்லோரும் பார்பாதான். படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், அப்பாவோடு மீன்பிடிக்கப் போகிறவர். வலப்பக்கம் தேக்லா, பள்ளியில் எனக்குக் கணக்கு நடத்தியவர். அப்பாவின் ரேடியோவோடு அவருக்குப் பல வருடப் பகை. ஆக ஆளுக்கு ஒரு பக்கம் பலம். ஆனால் அம்மாவுக்கும் இரண்டு பேரும் வேண்டும், அப்பாவுக்கும் இரண்டு பேரும் வேண்டும்.

கேரவன் இல்லாததால் அம்மா நிலவறையிலிருந்து தன் கன்னிப் பருவத்துக் கூடாரத்தை வெளியே இழுத்தாள். கெட்டியான பருத்தித் துணி, நனைந்த ஆடு மாதிரி கனம், அதே வாடை. அதைக் கட்டிப் பழக வீட்டின் பின்முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடினோம். சிமெண்டுத் தரையில் முளை இறங்காது என்பதால் கயிறுகளைத் துணி காயப்போடும் கம்பிகளில் கட்டினோம். மேல்மாடிக்காரர்கள் பால்கனியில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இருபத்திரண்டு கோடைகளாக அப்பா கேரவனை நிறுத்தி, சமன்செய்து, கூரைத் துணி கட்டி, அதைப் பற்றிச் சத்தமாகப் பேசியும் வந்திருந்தார். அம்மா ஒரு முளைகூட அடித்ததில்லை. காபி மட்டும் போட்டாள்.

முகாம் திறப்பதற்கு முந்தின நாள் மாலை, நான் வசிக்கும் ரியேகா நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, தீவுக்கும் நிலத்துக்கும் நடுவிலுள்ள கடலுக்கு அந்தப் பக்கம் மலை வெள்ளைத் தொப்பி போட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என் பையை வாங்கிக்கொண்டாள். நான்தான், இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அப்பாவிடம் ஃபோனில் உளறினேன்.

"மலைமேல மேகம் உக்காந்திருக்குப்பா, காத்து இறங்கும். பாலத்த இன்னைக்கே தாண்டிருங்க."

"ஜூன்ல எங்கடி புரா அடிக்கும்? உங்கம்மா சொன்னாளா? அவளுக்கு மேகத்தப் பாத்தாலே நடுக்கம். இவோனா முட்டைக்கோஸ் பொரியல் பண்ணிருக்கா, சாப்பிட்டுட்டு காலையில ஹாயா வரோம்."

இவோனா அப்பாவின் புதுத் துணைவி. நல்ல மனுஷி, மலைக்கு அப்பாலிருந்து வந்தவள், அவளுக்கு மேகம் என்றால் மழை மட்டும்தான். ஆனால் அப்பா இந்தத் தீவிலேயே பிறந்தவர்.

விடிவதற்கு முன்பே புரா இறங்கிவிட்டது. இந்த மலைக்காற்று படிப்படியாக வளர்வதில்லை, மேலிருந்து மூட்டை மூட்டையாக விழும். ஊரைத் தாண்டி, முகாமைத் தாண்டி, கடலைக் கரையிலிருந்து அப்பால் தள்ளும். கரையோரம் நீர் சப்பையாக, நடுங்கிக்கொண்டு கிடக்கும். முகாமின் வாசலில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது, தொப்பிகளை ஒரு கையாலும் காபிப் பாத்திரங்களை மறு கையாலும் பிடித்தபடி. ஸ்மில்யா தலைத்துணியைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து தாழ்ப்பாளை இழுத்தாள்.

"பாலத்துல கேரவன விடலையாம், காத்து நிக்கிற வரைக்கும். சும்மா தெரிஞ்சுக்கங்க," என்று அம்மாவைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்.

கூட்டத்தில் சிலர் அம்மாவின் முதுகில் தட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. "அவன் வருவான். கேரவன் இல்லாட்டி நடந்து வருவான். எனக்குத் தெரியாதா அவன," என்றாள் என்னிடம்.

பதினாலில் மூட்டையை இறக்கினோம். பார்பா பார்த்துலும் தேக்லாவும் முதல் ஆளாக வந்து, தங்கள் கேரவன்களைத் திறந்து, ஒருவர் காபியை ஒருவர் குடித்து முடித்திருந்தார்கள். அவர்கள் கேரவன்கள் குளிர்காலம் முழுக்க அங்கேயே நிற்பவை. இரண்டு பேரும் மடக்கு நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள் போல.

அம்மா முளையைத் தரையில் வைத்து அடித்தாள். மண்ணுக்கு ஒரு விரல் கீழே பாறை. முளை வளைந்தது. வேறு இடத்தில் அடித்தாள், அதுவும் வளைந்தது. கயிற்றைப் பைன் மரத்தில் ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் பாறாங்கற்களில் சுற்றிக் கூடாரத்தை ஒருவழியாகத் தூக்கினோம். அது நிமிர்ந்த அடுத்த நொடி ஒரு மூட்டை காற்று விழுந்தது. துணி பாய்மரம் போலப் புடைத்து, கற்களை இழுத்துக்கொண்டு போய்ப் புதரில் மாட்டிக்கொண்டது. கம்பம் என் தோளில் அடித்தது.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் கார் வந்து நின்றது.

கேரவனையும் இவோனாவையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வந்திருந்தார். காரின் மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து, பின்பக்கம் பதினாலுக்குள் நுழையும்படி நிறுத்தினார். டிக்கியைத் திறந்தார். உள்ளே கேரவனிலிருந்து எடுத்த கேஸ் அடுப்பு, தண்ணீர்ப் புட்டி, ஜெஸ்வா. நீளக் காம்பு வைத்த அந்தப் பித்தளைக் காபிப் பாத்திரம் முன்பு எங்கள் வீட்டிலிருந்ததுதான். டிக்கிக்குள் காற்றே இல்லை. அடுப்பு முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

"ஏ நிவெஸ், உங்கம்மா என்ன, துணி துவைச்சுக் காயப்போடுறாளா?" என்றார் என்னைப் பார்த்து.

"கார் பதினாலுல நிக்கலையே," என்றார் தேக்லா நாற்காலியிலிருந்து. "முன் சக்கரம் பாதையில இருக்கு."

"டிக்கி உள்ள இருக்குல்ல டீச்சர்? காபி டிக்கிலதான கொதிக்குது?"

தேக்லா யோசித்துப் பார்த்து, "செல்லும்," என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார். கணக்கில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அம்மா புதரிலிருந்து கூடாரத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க முள் கீறல். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. கழிப்பறைச் சுவர் கண்முன் வந்தது, அதில் மஞ்சள் தொப்பி மாட்ட ஓர் ஆணி.

"அம்மா, அவரு அடுப்பு பத்த வச்சிட்டாரு."

"பாத்தேன்." அவள் மூச்சு வாங்கியபடி கூடாரத்தைப் பார்த்தாள், பிறகு டிக்கியைப் பார்த்தாள். "நாம எதுக்குடி இத நிக்க வைக்கிறோம்?"

"இடம் பிடிக்க."

"இடத்த டென்ட்டா பிடிக்குது?"

கம்பத்தை அவள் கழற்றினாள். இரண்டு துண்டாகப் பிரியும் கம்பம் அது. ஒரு துண்டைத் தூர எறிந்துவிட்டு மற்றதை மட்டும் கற்களுக்கு நடுவே நிறுத்தினாள். கூடாரத்தின் முதுகை மலைப்பக்கம் திருப்பி, ஓரத்தைத் தரையோடு தரையாக அழுத்தி, கையில் கிடைத்த கற்களையெல்லாம் அதன்மேல் வைத்தாள். இடுப்பளவு உயரத்தில், சரிந்த ஒரு துணிச்சுவர் எழுந்தது. ஒரு மூலை மட்டும் படபடத்துக்கொண்டே இருந்தது.

"நீ அதுல படு."

"என்னது?"

"படுடி. முளை இறங்கல, நீ இறங்கு."

படுத்தேன். அன்று காலை முழுவதும் நான் ஒரு முளையாக இருந்தேன். துணியின் விளிம்பு வயிற்றுக்கு அடியில் துடித்தது. கன்னத்துக்குக் கீழே பைன் ஊசிகள். அங்கிருந்து எனக்கு எல்லாம் பக்கவாட்டில் தெரிந்தது. கடல் செங்குத்தாக நின்றது. அப்பா கிடைமட்டமாக நடந்து வந்தார்.

"அது டென்ட்டா, விரிச்ச பாயா?" என்று கேட்டுக்கொண்டே அவர் இரண்டு பெரிய குவளைகளில் தன் காபியை எடுத்துப் போனார். டிக்கியின் மறைவிலிருந்து வெளியே வந்ததுமே காற்று குவளைகளின் மேற்பகுதியை வழித்தெடுத்து பார்பா பார்த்துலின் வெள்ளைச் சட்டைமேல் தெளித்தது.

"மன்னிச்சுக்கங்க பார்பா."

"பரவால்லடா விங்கோ. வெளிய குடிச்சாச்சு, மிச்சத்த உள்ள குடிக்கிறேன்."

பார்பா குவளையை வாங்கினார். நண்பனுக்காக ஒரு பெரிய மடக்கு குடித்தார். இன்னொன்று. பிறகு அவருடைய தாடை மெதுவாக அசைய ஆரம்பித்தது.

"விங்கோ. இதக் குடிக்கணுமா, கடிக்கணுமா?"

"காபிதான பார்பா. காபி எப்படிப் போட்டா என்ன."

"எத்தன தடவ பொங்க விட்ட?"

"ஒரு தடவ பொங்கிச்சு, ஊத்திட்டேன்."

"பொடி கீழ உக்கார வேணாமாடா?"

அப்பா அவரை நிஜமான வியப்போடு பார்த்தார். இருபத்திரண்டு கோடைகளாகக் காபி அவர் கைக்கு வந்திருந்தது. பொடி எப்போது உட்காரும், யார் அதை உட்கார வைப்பார்கள் என்று அவர் ஒருமுறைகூட நினைத்திருக்க மாட்டார். பார்பா குவளைக்குள் எட்டிப் பார்த்தார், இன்னொரு முறை முயன்றார், பாதியில் நிறுத்தி நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

"முடியலடா. மிச்சம் தரையா இருக்கு."

தேக்லா தன் குவளையை வாங்கி, முறைப்படி உதட்டில் வைத்து எடுத்து, "இத்தன வருஷமா ரேடியோ. இப்ப இது," என்றார்.

"இருங்க, இன்னொண்ணு போடுறேன். இந்தத் தடவ ரெண்டு பொங்கு," என்று அப்பா டிக்கிக்கு ஓடினார்.

துணிச்சுவருக்குப் பின்னால் அம்மா தன் சின்ன கேஸ் அடுப்பின் முன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று தீக்குச்சி அணைந்தது, நான்காவது நின்றது. நீல வளையம் அசையாமல் எரிந்தது. காற்று எங்கள் தலைக்கு மேலே ஓலமிட்டபடி போய்க்கொண்டிருக்க, அவளைச் சுற்றி ஒரு கைக்குட்டை அளவு அமைதி இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொதித்ததும் பாத்திரத்தை இறக்கிப் பொடியைப் போட்டாள். மறுபடி வைத்தாள். நுரை பாத்திரத்தின் கழுத்துவரை ஏறியது, இறக்கினாள். அடங்கியது, வைத்தாள். மறுபடி ஏறியது. அவள் அவசரப்படவே இல்லை. எனக்கோ டிக்கியின் உள்ளே அப்பாவின் முதுகு குனிந்திருப்பது தெரிந்தது, அவருடைய அடுப்பின் சீறல்கூடக் கேட்பதுபோல் இருந்தது.

"அம்மா, சீக்கிரம்."

"பொடிக்குச் சீக்கிரம்னா தெரியாது. நீ ஆடாத."

ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீரை விட்டாள். காத்திருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய சின்னப் பீங்கான் கோப்பைகளையும் தட்டுகளையும் எடுத்துத் தட்டைக் கல்லின்மேல் வைத்தாள். தூக்கிக்கொண்டு போவாள் என்று நான் நினைத்தேன். அவள் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

"பார்பா, டீச்சர், காபி ரெடி. இங்க வந்து உக்காருங்க, இங்க காத்து இல்ல."

தேக்லா உடனே எழுந்தார். பார்பா டிக்கியின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"கூப்பிட்டா போகணும்ல விங்கோ. முறை."

"பார்பா, உங்க வலைய யாரு தச்சுக் குடுத்தா? போன நவம்பர்ல?"

"நீதான். நல்லாத் தச்ச. வலை வேற, காபி வேறப்பா."

இரண்டு பேரும் துணிச்சுவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். தேக்லா என் காலைத் தாண்டும்போது, "நேரா படு," என்றார். அம்மா ஊற்றினாள். மேலே மெல்லிய பழுப்பு நுரை, கீழே தெளிந்த கறுப்பு. மலையிலிருந்து காற்று விழுந்தது. நான் தரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கோப்பைகளில் ஓர் அலைகூட இல்லை.

தேக்லா குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். பார்பா மெதுவாகத்தான் குடிப்பவர். ஒவ்வொரு மடக்குக்கும் இடையில் கடலைப் பார்த்தார். கடைசி மடக்குக்கு முன்னால் கோப்பை அவர் கையில் நின்றுவிட்டது. அப்பா புதுப் பாத்திரத்தோடு வந்து துணிச்சுவருக்கு மேலாக நின்றுகொண்டிருந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பார்பாவையே பார்த்தார். வலையும் படகும் பல வருட விடியல்களும் அந்தப் பார்வையில் இருந்தன. அம்மா பார்பாவைப் பார்க்கவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது நீருக்குள் இறங்கும் இடத்தை.

பார்பாவும் அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். "காலையில வலையோட திரும்புவேன்ல விங்கோ," என்றார், தலையைத் திருப்பாமலே. "மஞ்சத் தொப்பி தெரிஞ்சா கரை பக்கம்னு எனக்குத் தெரியும். நீ எப்பவும் தூங்கிட்டிருப்ப."

"அது நான் வராத நாள்ல."

"முக்காவாசி நாள் நீ வராத நாள்தான்."

கடைசி மடக்கைக் குடித்தார். நாக்கால் உதட்டை வழித்துக்கொண்டு கோப்பையைக் கவிழ்த்தார். பீங்கான் பீங்கானில் படும் அந்தச் சின்னச் சத்தம் காற்றிலும் எனக்குக் கேட்டது.

ஸ்மில்யா முதல் வரிசையில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது, எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்த்திருந்தாலும், முறைப்படிதான் கேட்டாள்.

"பதினாலு. யாரோட காபி குடிச்சீங்க?"

"மரியேட்டாவோடது," என்றார் தேக்லா.

"மரியேட்டாவோடது," என்றார் பார்பா.

அம்மா மூன்றாவது கோப்பையில் ஊற்றினாள். எழுந்து, துணிச்சுவருக்கு மேலாக அதை அப்பாவிடம் நீட்டினாள். அவர் தன் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார், அந்தக் கோப்பையைப் பார்த்தார். காற்று அவர் சட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வாங்கி, நின்றபடியே, அடிவரைக்கும் குடித்தார்.

"நீயுமா?" என்றாள் ஸ்மில்யா.

"கேக்காத. குளிருது, குடிச்சிட்டேன்."

"அப்ப உனக்குக் கடைசி வரிசை."

"அங்க சுவர் இருக்கு," என்றாள் அம்மா. "கேரவனுக்கு நல்லது, காத்து வராது. இவோனாவுக்கும் குளிராது. ரெண்டு பொங்கு, அப்புறம் ஒரு கரண்டி பச்சத் தண்ணி. மறக்காத. அவகிட்ட சொல்லாத, நீயே போடு."

அப்பா சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

"எந்திரிடி," என்றாள் அம்மா என்னிடம்.

மரத்துப்போன கையை ஊன்றி எழுந்தேன். அவ்வளவுதான். கூடாரம் தன் முளை போய்விட்டதை உடனே புரிந்துகொண்டது. கற்களை உதறி, ஒருமுறை முழு உயரத்துக்கு எழுந்து, எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து, பாறையைத் தாண்டிக் கடலில் போய் விரிந்தது. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, படகுகள் கட்டும் மிதவையில் மாட்டிக்கொண்டு தளர்ந்தது.

வரிசை முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

"டென்ட்டு போச்சும்மா," என்றேன்.

"இடம் எங்கயும் போகலயே."

கைப்பைக்குள் கையை விட்டு மஞ்சள் தொப்பியை எடுத்தாள். உடைக்கு அடியில் நீச்சலாடை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள், விடியற்காலையிலேயே. பாறையில் நடந்து இறங்கினாள், கீறல் பட்ட கைகளை விரித்தாள், சப்பையாக நடுங்கிக்கொண்டிருந்த நீருக்குள் போனாள். தொப்பி சின்னதானது. இந்தத் தடவை ஜன்னல் திரை ஏதும் இல்லாமல், எழுந்து நின்று, ஊரே என்னோடு சேர்ந்து பார்த்தது. மிதவையை அடைந்து, துணியை விடுவித்து, ஒரு மூலையைத் தோளில் சுற்றிக்கொண்டு திரும்பினாள். காற்று முகத்துக்கு நேராக அடித்தது. ஆகவே மெதுவாகத்தான் வந்தாள், ஆனால் நிற்காமல் வந்தாள். பின்னால் அந்தப் பழைய கூடாரம் பெரிய மீன்போல் இழுபட்டு வந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு கடைசி வரிசைக்குப் போகும் பாதையிலிருந்து அப்பாவின் கார் ஹாரன் நீளமாக ஒருமுறை ஒலித்தது.

பாறையில் ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, கூடாரத்தைப் பைன் மரத்தில் சுருட்டிக் கட்டினாள். பார்பா தன் நாற்காலியில் கிடந்த துண்டை அவள் தோளில் போட்டார்.

"பசிக்குது," என்றாள் அம்மா. "யாருக்காவது இன்னொரு காபி வேணுமா?"

பார்பா பார்த்துல் குனிந்து, கவிழ்த்து வைத்திருந்த தன் கோப்பையை நிமிர்த்தினார்.